மாமியாரிடம் பொய் சொல்லாத சாதிர்குல்

கும்பெல் ஊரில் சாதிர்குல்லைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தவர்களில் அவனைப் பிடித்தவர்கள் ரொம்பக் குறைவு. காரணம் அவன் குடி என்று நினைத்துவிடாதீர்கள். குடிக்கிறவனை வெறுப்பது என்று ஆரம்பித்தால் எங்கள் ஊரில் பாதிப் பேர் மீதிப் பேரோடு பேசவே முடியாது. காரணம் அவன் வாய். அந்த வாய்க்குப் பொய் வராது.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் சீர்க் குதிரையைச் சிங்காரித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எல்லோரும் ஆகா ஓகோ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, "பின்னங்கால் நொண்டுதே, யாருங்க உங்க தலையில கட்டினது?" என்று சபை நடுவே கேட்டவன் அவன். துக்க வீட்டில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு "தங்கமான மனுஷன்" என்று சொல்லும்போது, "தங்கமா? அவரு குதிரையை அடிக்கிற அடியை நான் பார்த்திருக்கேன்" என்பான். அவனை எந்த விசேஷத்துக்கு அழைத்தாலும் வாசலுக்குப் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள். தேவைப்பட்டால் சட்டென்று வெளியே தள்ளலாம் அல்லவா!

இந்த வாயை வைத்துக்கொண்டு அவன் கராகோல் நகரத்துக்குப் போகிற ஏரிக்கரைச் சாலையில் வருடக்கணக்காக வேன் ஓட்டினான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல டிரைவர். ஏரியிலிருந்து அடிக்கிற மேல்காற்றில் லாரிகளே தள்ளாடும். இவன் வண்டியில் டீ குடித்துக்கொண்டே போகலாம். ஆனால் ராத்திரியில் ஆரம்பித்த குடி மத்தியானத்துக்கு வந்தது; மத்தியானத்திலிருந்து காலைக்கு வந்தது. கடைசியில் ஒரு நாள் வேனை நேராகப் புகைபோட்ட மீன் விற்கிற கடை வரிசைக்குள் கொண்டுபோய் விட்டான்.

யாரும் சாகவில்லை. மீன்காரி தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தாள். கண்ணாடியிலும் துடைப்பானிலும் மீன் தொங்க, சாதிர்குல் இறங்கி வந்தான். போலீஸ்காரர் கேட்பதற்கு முன்பே, "முக்கால் பாட்டில் வோட்கா குடிச்சிருக்கேன், எழுதிக்கோ" என்றான். அப்புறம் குனிந்து பார்த்தான். முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு சின்ன மெத்தை கிடந்தது. மீன்காரியின் கைக்குழந்தை தினமும் அதில்தான் தூங்கும். அன்று பார்த்து அத்தைக்காரி தூக்கிக்கொண்டு போயிருந்தாள். சாதிர்குல் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். எழுப்ப நாலு பேர் வேண்டியிருந்தது.

அன்றோடு நிறுத்திவிட்டான். எந்த டாக்டரும் சொல்லி அல்ல. அந்த மெத்தை அவன் கண்ணை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

நிறுத்தினவன் எப்படித் தாக்குப்பிடித்தான் என்று கேட்டால், அதற்கும் அந்த வாய்தான் காரணம். தினமும் சாயங்காலம் மனைவி புருல்லிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவான். "இன்னைக்கு ரொம்பக் கேக்குதுடி. அந்தக் கடைப் பக்கம் போனேன், கால் தானா திரும்புது." உடனே புருல் அடுப்பை அணைத்துவிட்டுத் தலையில் துணியைக் கட்டிக்கொள்வாள். இரண்டு பேரும் ஏரிக்கரையில் காற்று மூஞ்சியில் அறைய அறைய நடப்பார்கள். திரும்பி வரும்போது பல் கிடுகிடுக்கும். வோட்கா ஆசை போய் சூப் ஆசை வந்துவிடும். வைத்தியம் என்று பார்த்தால் இதுதான் வைத்தியம். செலவே இல்லாததால் யாரும் இதற்கு மரியாதை தரவில்லை.

இப்போது லைசென்ஸ் கதைக்கு வருவோம். எங்கள் ஊரில் குடிகாரர் பதிவில் பெயர் ஏறினால் லைசென்ஸ் போய்விடும். ஏறுவது சுலபம், சாதிர்குல் பெயர் மீன்கடை விபத்தோடு ஏறிவிட்டது; இறங்குவதுதான் பெரும்பாடு. சிகிச்சை மையம் "இந்த ஆள் தேறிவிட்டான்" என்று சொன்னால்தான் உண்டு. முன்பெல்லாம் தலைமை டாக்டர் ஒஸ்மோனவ் ஆளின் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார். கூடவே ஒரு ஆட்டுத் தொடையையும் காட்டினால் அவருக்குப் பார்வை இன்னும் தெளிவாகும். இதை ஒழிக்கிறேன் என்று மேலிடத்தில் யாரோ கிளம்பி, வெளிநாட்டுக்காரர்கள் புண்ணியத்தில் ஒரு தொடுதிரைப் பலகையைக் கொண்டுவந்து மையத்தின் நடைச் சுவரில் மாட்டினார்கள். நோயாளி தானே வந்து தன் நிலையைத் தானே சொல்லவேண்டும். பலகை கூட்டிக் கழித்து நிறம் காட்டும். பச்சை என்றால் தேறிவிட்டான், மஞ்சள் என்றால் பார்க்கலாம், சிவப்பு என்றால் மறுபடி விழுந்துவிட்டான். தொடர்ந்து பச்சை வந்தால் பெயர் இறங்கும்.

பலகைக்கு அரசாங்கம் வைத்த பெயர் "நம்பிக்கை". நோயாளிகள் வைத்த பெயர் "மாமியார்". கேட்டதையே ஏழு விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்கும், எதைச் சொன்னாலும் நம்பாது, முடிவில் "உங்கள் நேர்மைக்கு நன்றி" என்று இழுக்கும். வேறு என்ன பெயர் வைப்பது?

ஆரம்பத்தில் பெரிய கூத்து. எங்கள் ஆட்களிடம் "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால் கூரை இடிந்து தலையில் கிடந்தாலும் "நல்லா இருக்கோம், ஆண்டவனுக்கு நன்றி" என்றுதான் வரும். வேறு மாதிரிச் சொன்னால் அது அபசகுனம், கேட்டவனுக்கும் அவமரியாதை. மாமியார் கேட்டது: "கடந்த வாரம் உங்கள் துக்கம் பத்துக்கு எவ்வளவு?" வரிசையில் நின்ற அத்தனை பேரும் பூஜ்யம் போட்டார்கள். "குடிக்கும் ஆசை?" பூஜ்யம். "கவலை?" பூஜ்யம். ஒருவனுக்கு முந்தின நாள்தான் வீடு எரிந்திருந்தது, அவனும் பூஜ்யம். மாமியார் எல்லோரையும் "நம்பத்தகாத பதில்" என்று மொத்தமாக மஞ்சளில் தள்ளிவிட்டது. பேட்டை முழுக்க ஒரே மஞ்சள். ஒஸ்மோனவ் முகத்தில் ஈயாடவில்லை.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவன் பெய்ஷென். அவனும் வேன் டிரைவர்தான், அவன் பெயரும் பதிவில் இருந்தது. பகல் பன்னிரண்டுக்கு முன்னால் அவனை நிதானத்தில் பார்த்தவர்கள் இல்லை, பின்னால் பார்த்தவர்களும் இல்லை. நடையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்துகொண்டு அவன் பாடம் நடத்துவதை நீங்கள் கேட்டிருக்கவேண்டும்.

"டேய், மாமியார்கிட்ட போயி 'நான் ஜாலியா இருக்கேன்'னா நம்புவாளா? எங்கேயோ தப்பு பண்ணிட்டு வந்திருக்கான்னுதான் நினைப்பா. அதுக்காக ஒப்பாரி வச்சாலும் துரத்திடுவா. துக்கத்துக்கு நாலு போடு. ஆசைக்கு மூணு. வாராவாரம் ஒண்ணொண்ணா இறக்கிக்கிட்டே வா. 'உங்களுக்குத் துணை யார்'னு கேட்டா குடும்பம்னு அமுக்கு. என் பொண்டாட்டி என்னை விட்டுட்டுப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு, மாமியாருக்கு எப்படிடா தெரியும்?"

அவன் வாயிலிருந்து வந்த நெடியில் பக்கத்தில் இருந்தவனுக்குப் போதை ஏறியது. என்ன செய்ய, மாமியாருக்கு மூக்கு வைக்க மறந்துவிட்டார்களே! பெய்ஷென்னுக்குப் பச்சை மேல் பச்சையாக விழுந்தது. பெயர் இறங்கியது, லைசென்ஸ் வந்தது. அவன் படத்தைப் பெரிதாக அடித்து, "மீண்டு வந்தவர்" என்று எழுதி மையத்தின் வாசலிலேயே மாட்டிவிட்டார்கள். படத்தில் அவன் கண் லேசாகச் சொருகியிருக்கும். அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

சாதிர்குல் மாமியார் முன்னால் நின்றால் வரிசை நகராது. ஒவ்வொரு கேள்வியையும் உரக்கப் படிப்பான், யோசிப்பான், உள்ளதை அமுக்குவான். ஆசை ஒன்பது. துக்கம் ஆறு. "உங்கள் மீது உங்களுக்குக் கோபம் உண்டா?" பத்து. மஞ்சள் விழும். அடுத்த வாரமும் அதே ஒன்பது, அதே மஞ்சள்.

மையத்தில் இளம் டாக்டர் ஒருத்தி, நுர்ஸாத். கெட்டிக்காரப் பெண், நல்ல மனசு, ஆனால் மாமியார் மேல் அபார பக்தி. ஒரு நாள் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"சாதிர்குல் அண்ணே, ஏன் ஒன்பது போடுறீங்க?"

"ஒன்பதா இருக்கு, போடுறேன்."

"குடிச்சீங்களா?"

"இல்லையே."

"குடிக்காத ஆளுக்கு எப்படிண்ணே ஒன்பது வரும்?"

"குடிக்காததாலதான் டாக்டரம்மா ஒன்பது. குடிச்சிருந்தா பூஜ்யம்ல!"

நுர்ஸாத் சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததை மறைக்கக் காகிதத்தைப் புரட்டினாள். "நீங்க சொல்றது எனக்குப் புரியுதுண்ணே. ஆனா கணக்கு அப்படிப் போடலையே அதுல."

"அப்ப கணக்கை மாத்துங்க."

"அது எங்க கையில இல்லண்ணே."

எங்கள் ஊரில் எதுவுமே யார் கையிலும் இல்லை. அது தனிக் கதை.

இதற்கிடையில் வேன் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. புருல் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து வீட்டை ஓட்டினாள். பெய்ஷென்னுடைய சொந்த வண்டி பழுதாகிப்போனதால் அவன் வாரத்துக்கு ஒரு தடவை வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, சும்மா கிடந்து துருப்பிடிக்கிறதுக்கு எங்கிட்ட வாடகைக்குக் குடுத்துடுங்க" என்பான். இலையுதிர்காலம் வரைதான் பொறுப்பேன் என்று புருல் சொல்லிவிட்டாள். அதற்குள் சாதிர்குல்லுக்கு லைசென்ஸ் வந்தாகவேண்டும். இல்லையென்றால் அவன் வேன் பெய்ஷென் கையில். இந்த நினைப்பு வந்தால் சாதிர்குல்லுக்குச் சோறு இறங்காது.

கோடை வந்தது. புருல்லின் தம்பி மலைமேல் மேய்ச்சல் நிலத்தில் கூடாரம் போட்டிருந்தான். மச்சானைப் பார்த்து வருகிறேன் என்று சாதிர்குல் ஒரு வாரம் போனான். மேய்ச்சல் நிலத்துக்குப் போனவன் குமிஸ் குடிக்காமல் வரமுடியுமா? குதிரைப்பாலைத் தோல் பையில் கடைந்து கடைந்து புளிக்க வைத்த குமிஸ். பிறந்த குழந்தைக்கு உதட்டில் தடவுவோம், நெஞ்சு சளிக்குக் கொடுப்போம், சாகப்போகிற கிழவனுக்கு வாயில் ஊற்றுவோம். அதைக் குடி என்று சொன்னால் சிரிப்பார்கள். காலையில் ஒரு கிண்ணம், மத்தியானம் நாலு கிண்ணம், யாராவது வந்தால் அவர்களோடு, யாரும் வராவிட்டால் அந்த வருத்தத்தில். உடம்பு தேறிக் கன்னம் சிவந்து இறங்கி வந்தான் சாதிர்குல்.

வந்தவனிடம் மாமியார் கேட்டது: "கடந்த வாரம் புளிக்கவைத்த பானம் எதையாவது அருந்தினீர்களா?"

மற்ற நோயாளிகளுக்கு இந்தக் கேள்வி பீரைப் பற்றியது. குமிஸ் அவர்கள் நினைப்பிலேயே வராது. நம் ஆள் மட்டும் தலையைச் சொறிந்தான். குமிஸ் புளித்ததுதானே? புளித்ததுதான். "ஆம்" என்று அமுக்கினான். "எத்தனை குவளை?" மனசுக்குள் எண்ணிப் பார்த்து, கடைசி நாள் வழியனுப்பும்போது குடித்ததையும் சேர்த்து, அறுபது என்று போட்டான்.

மாமியாருக்கு அதிர்ச்சி. சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு! நடையில் மணி அடித்தது. புருல்லின் கைப்பேசிக்கும் மாவட்டப் போலீசுக்கும் தானாகவே செய்தி பறந்தது: சாதிர்குல் ஒரே வாரத்தில் அறுபது குவளை மது அருந்தியிருக்கிறார், உடனே தலையிடவும். பள்ளிக்கூட அடுப்படியில் செய்தியைப் படித்த புருல் கரண்டியோடு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

விசாரணைக் குழு கூடியது. ஒஸ்மோனவ், நுர்ஸாத், போலீசிலிருந்து ஒரு தடித்த அதிகாரி, மூன்று பேர். நல்ல வெயில். ஒஸ்மோனவ் மேசைமேல் பெரிய பாட்டிலில், வேறென்ன, குமிஸ்.

"குடிங்க, குடிங்க. எங்க ஊர் மலையிலேர்ந்து காலையிலதான் வந்துச்சு" என்று ஒஸ்மோனவ் எல்லோருக்கும் கிண்ணத்தில் ஊற்றினார். அதிகாரி ஒரே மூச்சில் காலி செய்து மீசையைத் துடைத்தார். பழக்க தோஷத்தில் சாதிர்குல் முன்னாலும் ஒரு கிண்ணம் வந்து உட்கார்ந்தது.

"அறுபது குவளை!" என்றார் ஒஸ்மோனவ், இரண்டாவது கிண்ணத்தைக் கையில் எடுத்தபடி. "வெட்கமா இல்லையா சாதிர்குல்?"

"குமிஸ் டாக்டர்."

"எதா இருந்தா என்ன, அறுபது!"

"அப்ப இதையும் சேர்த்துக்கட்டுமா, அறுபத்தொண்ணா? உங்களுக்கு ரெண்டாவது ஓடுது."

அதிகாரிக்குப் புரையேறியது. நுர்ஸாத் சன்னலைப் பார்த்துக்கொண்டாள். ஒஸ்மோனவ் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஒரு நிமிஷம் மனுஷனைப் போலப் பேசினார். "இதோ பாரு தம்பி, எனக்குத் தெரியாதா? குமிஸ்தான். உன்னைப் பார்த்தாலே தெரியுது நீ குடிக்கலைன்னு. ஆனா நான் கைவச்சு மாத்த முடியாது. நோயாளி சொன்னதை டாக்டர் மாத்தினா அது ஊழலாம். நீயேதான் மாத்தணும்."

"மாத்துறேன். எங்கே எழுதணும் குமிஸ்னு?"

நுர்ஸாத் மெதுவாகச் சொன்னாள். "அங்க குமிஸுன்னு எழுத இடமில்லண்ணே. ஒரே ஒரு பொத்தான்தான் இருக்கு. 'என் முந்தைய பதில் பொய்'. அதை அமுக்கினா பழைய பதில் எல்லாம் போயிடும். அப்புறம் ஆசைக்கு ஒரு நாலு, மூணுன்னு போட்டீங்கன்னா இலையுதிர்காலத்துக்குள்ள பெயரை இறக்கிடலாம்."

"நான் பொய் சொல்லலையே டாக்டரம்மா."

"தெரியும்ணே."

"அப்ப பொய் சொன்னேன்னு பொய் சொல்லணுமா?"

வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கொடுத்துவிட்டு ஒஸ்மோனவ் மறுபடி பாட்டிலைத் திறந்தார்.

வீட்டில் புருல் காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு வந்ததே கோபம்! "அமுக்கேன்யா அந்தப் பொத்தானை! உனக்கு விரல் என்ன வலிக்குதா? ஆண்டவன்கிட்ட உண்மை பேசு, எங்கிட்ட உண்மை பேசு. ஒரு கண்ணாடித் துண்டுகிட்ட என்ன உனக்கு சத்தியம் வேண்டிக்கிடக்கு? ஊர்ல அத்தனை பயலும் அமுக்கிட்டு வண்டி ஓட்டுறான். நீ மட்டும் உத்தமன் வேஷம் கட்டிக்கிட்டு உக்காந்திரு, நான் பள்ளிக்கூடத்துல அண்டா கழுவுறேன்!"

சாதிர்குல்லுக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் கை வெந்நீரில் ஊறிச் சிவந்து வெடித்திருந்ததை அவன் பார்க்காமல் இல்லை. சரி, அமுக்கிவிடுவோம் என்றே முடிவு செய்தான். பொய் சொல்லிப் பழகவேண்டுமே! வியாழக்கிழமை சாயங்காலம் புருல் வழக்கம்போல, "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டபோது வீட்டிலேயே ஒத்திகை பார்த்தான்.

"பரவால்லடி. ஒரு நாலு இருக்கும்."

புருல்லுக்கு முகம் மலர்ந்தது. "அப்பாடா" என்றாள். அடுப்பை அணைக்கவில்லை, தலையில் துணி கட்டவில்லை. நிம்மதியாக மாவு பிசையப் போனாள். பாவம், எத்தனை மாதத்துக்கப்புறம் அவளுக்கு ஒரு சாயங்காலம் கிடைத்தது.

சாதிர்குல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தெருவில் இறங்கினான். யாரும் தடுக்கவில்லை, தடுக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? கால் தெரிந்த வழியில் போயிற்று. கடைக் கதவைத் தள்ளினான். கடைக்காரி தலையை நிமிர்த்தாமலே, "வழக்கமானதா?" என்று கேட்டாள். பாட்டில் மேடைக்கு வந்துவிட்டது. அதன் கழுத்தில் கையும் வைத்துவிட்டான்.

சட்டென்று வைத்த கையை உதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். ஓட்டமென்றால் ஓட்டம், நாய்கள் துரத்தின.

"புருல், நான் சொன்னது பொய். நாலு இல்ல. பத்து. கடைக்குப் போயிட்டேன். பாட்டிலைப் பிடிச்சிட்டேன்."

மாவுக் கையோடு புருல் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "குடிச்சியா?"

"இல்ல. ஆனா ஒரே ஒரு பொய்தான்டி சொன்னேன், நேரா அங்க கொண்டுபோய் விட்டுடுச்சு. நான் குடிக்காம இருக்கறதே உங்கிட்ட சொல்லிடறதாலதான். அந்தப் பலகைகிட்ட பொய் சொல்லப் பழகினா அதே நாக்குதானே வீட்டுக்கும் வரும்? எனக்குப் பயமா இருக்கு."

புருல் அழுதாள். அன்றைக்கு ஏரிக்கரையில் ரொம்ப தூரம் நடந்தார்கள். திரும்பும்போது அவளே சொன்னாள், "வேண்டாம். அந்தப் பொத்தானைத் தொடாதே. வேன் போனா போகட்டும்."

வெள்ளிக்கிழமை சாதிர்குல் மாமியார் முன்னால் நின்றான். ஆசை பத்து என்று அமுக்கினான். பொத்தானைத் தொடவில்லை. ஆழ்ந்த சிவப்பு விழுந்தது. "உங்கள் நேர்மைக்கு நன்றி" என்றது மாமியார். நுர்ஸாத் பக்கத்தில் நின்று கெஞ்சிப் பார்த்தாள். "அண்ணே, இன்னும் ரெண்டு வருஷம் பதிவுல இருக்கணும்ணே, யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சுட்டேன் டாக்டரம்மா. எனக்குப் பச்சை வேணும்னா நான் குடிகாரனாகணும். எனக்குக் கட்டுபடியாகாது."

இலையுதிர்காலம் வந்தது. தார்ப்பாய் விலகியது. பெய்ஷென் சாவியை வாங்கிக்கொண்டு, தன் பச்சை லைசென்சைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். முதல் நாள் நிலையத்தில் பதினைந்து பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், பாதிப் பேர் குழந்தை குட்டியோடு. வேன் கிளம்புவதைப் பார்க்காமல் இருக்க முடியாமல் சாதிர்குல்லும் போய் நின்றான். பெய்ஷென் கியர் என்று நினைத்து கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டிருந்தான். சாவி போடுகிற இடம் தெரியாமல் வானொலியைத் திருகினான். பின்னால் ஒருத்தி மடியில் கைக்குழந்தை, அவளுக்கு இது எதுவும் தெரியாது, பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சாதிர்குல் கதவைத் திறந்தான். "நகருடா அந்தப் பக்கம்."

"டேய், உங்கிட்ட லைசென்ஸ் இல்லடா. நான் பச்சை!"

"நீ பச்சையாவே இரு. பக்கத்து சீட்ல இரு."

பெய்ஷென் எதிர்ப்பதற்குள் தூங்கிவிட்டான். சாதிர்குல் வண்டியை எடுத்தான். கராகோல் வழியில் போலீஸ் சாவடி வந்தது. விசாரணைக் குழுவில் இருந்த அதே தடித்த அதிகாரி கை காட்டினார். சாதிர்குல் சன்னலை இறக்கி, தூங்குகிறவன் சட்டைப் பையிலிருந்து லைசென்சை எடுத்து நீட்டினான். "காகிதத்துல டிரைவர் இவன்தான். உண்மையைச் சொல்றேன், ஓட்டறது நான். எனக்கு லைசென்ஸ் கிடையாது. வேணும்னா என்னை இறக்கிட்டு இவனை ஓட்டச் சொல்லுங்க."

அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். பெய்ஷென் வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டிருந்தது. நெடி அவர் முகத்தில் அறைந்தது. பின்னால் குழந்தைகளைப் பார்த்தார், லைசென்சைப் பார்த்தார். "காகிதம் சரியா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். "போ, போ. காத்து பலமா அடிக்குது, மெதுவா ஓட்டு."

அன்றிலிருந்து ஏற்பாடு இதுதான். லைசென்ஸ் பெய்ஷென்னுடையது, ஓட்டுவது சாதிர்குல். மையத்தின் வாசலில் "மீண்டு வந்தவர்" படம் இன்னும் தொங்குகிறது. படத்தில் இருப்பவர் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டே மீள்கிறார். எப்போதாவது அவனுக்கு ரோஷம் வந்து, நானே ஓட்டுவேன் என்று முன்னால் ஏறி உட்கார்ந்துகொள்வான். அன்றைக்கு வேன் காலியாகத்தான் போகும். ஊர் ஜனங்கள் ஏறுவதற்கு முன் கதவருகில் நின்று, இன்றைக்கு ஓட்டுவது யார் என்று கேட்கப் பழகிவிட்டார்கள்.

நவம்பரில் ஒரு காலை, கராகோலில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நுர்ஸாத் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நிலையத்துக்கு ஓடிவந்தாள். பையனுக்கு நாலு வயசு இருக்கும். அதிகாலைப் பனி, வேன் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. வாரம் தவறாமல் மாமியார் காட்டும் நிறங்களைத் தலைநகருக்கு அனுப்புகிறவள் அவள்தான். பையனைத் தூக்கி ஏற்றப்போனவள் நின்றுவிட்டாள். முதுகுக்குப் பின்னால் யாரும் கேட்கிறார்களா என்று பார்த்தாள்.

"இன்னைக்கு யாரு ஓட்டுறாங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். "பச்சையா, சிவப்பா?"

"சிவப்புதான் டாக்டரம்மா" என்றான் சாதிர்குல் உள்ளேயிருந்து.

நுர்ஸாத் பையனை ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள்.